பரணில் கிடக்கும் கணினிக்கு மறுவாழ்வு

நம்மில் பலரது வீட்டுப் பரணிலோ அலமாரியின் அடித்தட்டிலோ ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது. மகன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்ததாக இருக்கும். அல்லது மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் தவணையில் வாங்கியதாக இருக்கும். திரையில் கீறல் இல்லை, விசைகளும் தேயவில்லை. ஆனால் ஆன் செய்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ‘இதற்கு வயசாகிவிட்டது’ என்று தூக்கி வைத்துவிட்டோம்.

என் வீட்டிலும் அப்படி ஒன்று கிடந்தது. நான்கு ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். இப்போது அக்கா மகள் அதில்தான் பாடக் குறிப்புகள் எழுதுகிறாள், காணொலிப் பாடம் பார்க்கிறாள். ஒரு பாகத்தையும் மாற்றவில்லை. இயங்குதளத்தை மட்டும்தான் மாற்றினேன்.

இந்தப் பேச்சு இப்போது அவசியமாகிறது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போடுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறை பிராசசரும் வேண்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். அதனால், நன்றாக ஓடும் எத்தனையோ கணினிகள் ‘தகுதியற்றவை’ ஆகிவிட்டன. அவற்றைக் குப்பைக்கு அனுப்பும் முன் ஒருமுறை லினக்ஸைப் பாருங்கள் என்பதே என் கோரிக்கை.

பொதுச்சொத்தான கதை

1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், யாரும் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை உருவாக்கப்போவதாக அறிவித்தார். அதற்குக் ‘குனு’ என்று பெயரிட்டார். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும் கெர்னலை எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் லினக்ஸ் என்று அழைக்கும் இயங்குதளம்.

லினக்ஸ் எங்கோ இருக்கும் ஒன்று என்று எண்ண வேண்டாம். உங்கள் ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அனைத்தும் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினிப் பாடத்தை லினக்ஸில் படிக்கிறார்கள். சி-டாக் என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், நம் மாணவர்களுக்கு வந்த அரசு லேப்டாப்புகளிலேயே விண்டோஸுடன் சேர்ந்து இருந்தது. அதைத் திறந்து பார்க்கச் சொல்ல ஆளில்லாமல் போனதுதான் குறை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

லினக்ஸுக்குள் நுழைபவரை முதலில் குழப்புவது பெயர்கள். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, மின்ட் என்று நீளும் பட்டியலில் உள்ளவற்றை ‘வழங்கல்’ என்பார்கள். கெர்னல் ஒன்றுதான், அதோடு சேர்த்துத் தரும் மென்பொருள்களும் முகப்பும் வேறு. ஒரே அரிசியில் இட்லி, தோசை, ஆப்பம் செய்வதுபோல.

புதியவருக்கு என் பரிந்துரை லினக்ஸ் மின்ட். இடது மூலையில் மெனு, கீழே பட்டை என்று விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாக இருக்காது. ‘சினமன்’ முகப்புக்கு நான்கு ஜிபி ரேம் இருந்தால் நல்லது. கணினி இன்னும் பழையது என்றால் ‘எக்ஸ்எஃப்சிஇ’ முகப்பை எடுங்கள். இரண்டுக்கும் காசு கிடையாது.

அழிக்காமல் பார்க்கலாம்

லினக்ஸ் என்றதும் வரும் பயம், ‘உள்ளே இருக்கும் கல்யாணப் போட்டோவெல்லாம் போய்விட்டால்?’ என்பதுதான். அந்தப் பயத்துக்கு மருந்து லினக்ஸிலேயே இருக்கிறது. நிறுவாமலே, பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம்.

எட்டு ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். அதில் இருப்பது அழிந்துவிடும் என்பதால் காலியானதை எடுங்கள். மின்ட்டின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற இலவச மென்பொருளால் பென்டிரைவில் எழுதுங்கள். வெறுமனே காப்பி செய்தால் வேலை செய்யாது. பிறகு பென்டிரைவைச் செருகி, கணினியை ஆன் செய்த உடனே எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் உங்கள் கணினிக்கு உரிய விசையைத் தட்டுங்கள். வரும் பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் திறக்கும். நீங்களாக நிறுவச் சொல்லாதவரை ஹார்டு டிஸ்க் அப்படியே இருக்கும்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சில பழைய வைஃபை சில்லுகளுக்குத் தனி டிரைவர் தேவைப்படும். அப்போது செல்போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் மூலம் இணையத்தை எடுத்து, டிரைவரை நிறுவிக்கொள்ளலாம். பென்டிரைவிலிருந்து ஓடும்போது வேகம் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதை வைத்து எடைபோட வேண்டாம்.

நிறுவும் நாளில்

பிடித்துவிட்டதா? முதல் வேலை, முக்கியமான கோப்புகள் அனைத்தையும் வேறு டிஸ்கில் நகலெடுப்பது. விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியைக் குறித்து வையுங்கள். நிறுவும்போது இரண்டு வழிகள் கண்ணில் படும். ஒன்று, விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸை வைப்பது. மற்றொன்று, டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டு வைப்பது. அந்தத் திரையில் மட்டும் அவசரப்படாமல் இரண்டு முறை படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.

டாலி, ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் போன்றவற்றால் பிழைப்பு நடத்துபவர்கள் விண்டோஸை விட்டுவிட வேண்டாம். அவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. அவர்களுக்கு இரண்டும் அருகருகே இருப்பதே நல்லது.

முதல் வாரம்

மென்பொருள் வேண்டுமென்றால் கண்ட தளத்தில் தேடி இறக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். போனில் பிளே ஸ்டோர் இருப்பதுபோல் மின்ட்டில் ‘சாஃப்ட்வேர் மேனேஜர்’ உண்டு. தேவையானதை அங்கேயே எடுங்கள். கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஆஃபிஸும், இணையத்துக்கு ஃபயர்பாக்ஸும் நிறுவும்போதே வந்துவிடும். ‘டைம்ஷிஃப்ட்’ என்ற கருவியை முதல் நாளே இயக்கி, கணினியின் நிலையைப் பதிவுசெய்து வையுங்கள். எதையாவது மாற்றிக் கெடுத்துக்கொண்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது காப்பது இயங்குதளத்தைத்தான். உங்கள் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் தனி நகல் வேண்டும்.

டெர்மினல் என்ற கறுப்புத் திரையைக் கண்டு மிரள வேண்டாம். அன்றாட வேலைக்கு அது கட்டாயமில்லை. ஆர்வம் வந்தால், ஒரு வாரத்துக்கு ஒரு கட்டளை கற்றாலே போதும். பொருள் புரியாத கட்டளையை மட்டும் யார் சொன்னாலும் தட்டாதீர்கள்.

தமிழில் எழுத ஐபஸ் என்ற உள்ளீட்டு வசதியில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். லிப்ரே ஆஃபிஸ் முகப்பையே தமிழில் வைத்துக்கொள்ளலாம். அந்த மொழிபெயர்ப்புக்கு உழைத்தவர்களில் பலர் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள்.

சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறது. சென்னை லினக்ஸ் பயனர் குழு, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குக் கற்றுத்தரும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, தமிழிலேயே கட்டுரைகளும் நூல்களும் வெளியிடும் கணியம் அறக்கட்டளை என்று நம் மொழியில் பதில் சொல்பவர்கள் பலர். ‘இதுகூடத் தெரியாதா’ என்ற தயக்கம் வேண்டாம். எல்லோரும் ஒருநாள் இதே கேள்வியோடு வந்தவர்கள்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த லேப்டாப்பைக் கீழே இறக்கித் தூசி தட்டுங்கள். ஒரு பென்டிரைவும் ஒரு மணி நேரமும் போதும். உங்களுக்குத் தேவைப்படாவிட்டால், படிக்கக் கணினி இல்லாத ஒரு பிள்ளையின் கையில் அதைக் கொடுங்கள்.