தாயமும் மதியும்

ஆட்டங்களை மூவகையாகப் பகுக்கலாம். சதுரங்கத்தில் மதியே முற்றும் ஆள்கின்றது. பரமபதத்தில் கட்டையே முற்றும் ஆள்கின்றது. தாயத்திலோ இவ்விரண்டும் ஆட்சியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இராயபுரம், திருவொற்றியூர் முதலிய நம் வடசென்னைப் பகுதிகளிலும், தமிழ்நாட்டின் பிறவிடங்களிலும், திண்ணைகளில் கட்டம் கீறி ஆடும் இவ்வாட்டம் நம்மை இத்துணை கவர்வதும் இத்துணை வருத்துவதும் ஏன் என்பதை ஈண்டு ஆராய்வாம். விதிகள் இடத்திற்கிடம் சிறிது வேறுபடுமாதலின், பெருவழக்கையே கொள்வாம்.

தாயக்கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிற்கும் நீண்ட பக்கங்கள் நான்கு. அவற்றுள் ஒன்று வெறுமை. ஏனையவற்றில் முறையே 1, 2, 3 புள்ளிகள். ஆகவே கட்டைகள் விழும் வகை 16. மூன்று விழுதற்கு 4 வழிகளும், தாயம் எனப்படும் ஒன்று விழுதற்கு 2 வழிகளும், ஆறு விழுதற்கு ஒரே வழியும் உள. தாயம் விழுந்தாலன்றிக் காய் களத்தில் இறங்காது. எட்டு முறைக்கு ஒரு தாயம் என்பது சராசரிக் கணக்கு. ஆயினும் எட்டு முறை உருட்டியும் ஒரு தாயமேனும் விழாதிருத்தற்கு நூற்றுக்கு 34 பங்கு இடமுண்டு. எதிரியின் காய்கள் பாதி வழி கடந்தும் நம் காய்கள் வெளியே கிடக்கும் துன்பத்திற்குக் காரணம் இதுவே. கட்டைக்கு நம்மேற் பகையொன்றுமில்லை.

இனி, கவர்ச்சி யாதெனிற் கூறுவாம். கட்டை எண்ணைத் தரும். எக்காயை நகர்த்துவதென்று கூறாது. மலை எனப்படும் காப்புக் கட்டத்தில் ஒதுங்குவதா, எதிரியை வெட்டுவதா? ஓர் உருட்டலை மட்டும் நோக்கின், எதிரியின் காய்க்கு ஆறு கட்டம் முன்னே நிற்பதினும் மூன்று கட்டம் முன்னே நிற்பது நான்கு மடங்கு இடருடையது. இதனை அறிந்தவன் ஓர் ஆட்டத்தில் தோற்கக்கூடும். பல ஆட்டங்களில் மிகுதியும் வெல்வான்.

இக்காலத்துக் கணினி விளையாட்டுகள் பலவும் இவ்வழியே செல்கின்றன. 1980இல் அமெரிக்காவில் தோன்றிய 'ரோக்' என்னும் விளையாட்டில் நிலவறை ஒவ்வொரு முறையும் புதிதாக அமைக்கப்படும். இறந்தவன் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். மனப்பாடம் அங்கே உதவாது. ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. தாயத்தில் தற்செயல் முன்னும் தேர்வு பின்னும் வருகின்றன. 2012இல் வெளிவந்த 'எக்ஸ்காம்' போன்றவற்றிலோ, வீரனைச் சுடுமாறு ஏவிய பின்னரே குறி தப்புமா என்பது விளங்கும். நூற்றுக்கு 90 பங்கு உறுதி எனின், பத்தில் ஒன்று தப்பும் என்பதே பொருள். ஆடுவோர் அதனை முழுவுறுதி என்று கொண்டு, தப்பியபோது வஞ்சிக்கப்பட்டதாகச் சினக்கின்றனர்.

செயலின் தகுதியை அதன் விளைவு ஒன்றைக்கொண்டே அளத்தலால் வரும் மயக்கம் இது. நன்கு ஆராய்ந்து நகர்த்திய காயும் வெட்டுண்ணும். பதறி நகர்த்திய காயும் தப்பும். பின்னதே பெருந்தீங்கு, பிழையான வழக்கத்திற்குப் பரிசளிப்பது அதுவன்றோ? காசிமேட்டிலிருந்து கடலுக்குச் செல்வோரை நோக்குக. வலை வீசும் இடமும் வேளையும் அவர் தேர்வு. மீன்வரவு அவர் கையிலில்லை. ஒரு நாள் வலை வெறிதாயினமை பற்றி அவர் தம் தொழிலறிவைக் கைவிடுவதில்லை.

மாணவர்க்கும் இஃது ஏற்றதே. தோற்றவிடத்துக் கட்டையைப் பழித்து, வென்றவிடத்துத் தம்மையே புகழ்வோர் எத்துணை ஆட்டம் ஆடினும் ஒன்றும் கற்கமாட்டார். விழுந்த எண் நம்முடையதன்று. அதனைக்கொண்டு நகர்த்திய காய் நம்முடையதே. ஆட்டம் முடிந்தபின் ஆராயத்தக்கது அந்நகர்த்தலே.