இறக்கைக்குள் இருக்கும் மரம்

தென்மேற்குப் பருவக்காலத்தில் கம்பம் கணவாய் வழியே இறங்கும் காற்றை நம்பி ஓடைப்பட்டி வட்டாரத்தில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் இறக்கைகள், பார்வைக்கு இரும்புபோல் தோன்றினாலும், கண்ணாடி இழைத் துணியை ரெசின் எனப்படும் செயற்கைப் பிசினில் நனைத்து இறுகச் செய்தவையே ஆகும். உலகெங்கும் இவ்வகை இறக்கைகள் பலவற்றின் தோல்களுக்கு நடுவே பால்சா மரப்பலகை பொதியப்படுகிறது. 1940களில் கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்தவர்கள் கையாண்டதும் இதே சேர்க்கைதான்.

பால்சா பெரும்பாலும் எக்குவடோரிலிருந்து வருகிறது. போடிநாயக்கனூர் வணிகர்கள் நன்கறிந்த இலவமரத்துக்கு நெருங்கிய உறவான இதன் காய்க்குள்ளும் பஞ்சு உண்டு. ஒரு கன மீட்டர் தேக்கு ஏறத்தாழ 650 கிலோ எடை இருக்க, உலர்ந்த பால்சா சுமார் 150 கிலோதான். இரு மெல்லிய கண்ணாடி இழைத் தோல்களை இந்த எடை குறைந்த மரம் விலக்கி நிறுத்துவதால், எடை அதிகம் கூடாமலே வளையாத் தன்மை பன்மடங்கு பெருகுகிறது.

ஆனால் மரத்தை இலேசாக்கும் நுண்ணறைகளே வேலைக்கு இடைஞ்சலும் ஆகின்றன. அவை ரெசினை உறிஞ்சி எடையைக் கூட்டுவதோடு, மரம் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்றை வெளித்தள்ளி, இறுகாத பூச்சில் கொப்புளங்களையும் எழுப்பிவிடுகின்றன. எனவே சறுக்குப் பலகை செய்பவர், துணி விரிப்பதற்கு முன்பே இறுகச் செய்யும் ஹார்டனர் கலந்த எபாக்சி வகை ரெசினை மெல்லியதாகத் தேய்த்துத் துளைகளை அடைக்கிறார். வெப்பம் ஏறும் காலையைத் தவிர்த்து, அது தணியும் மாலையில் பூசினால், சுருங்கும் காற்று ரெசினை உள்ளிழுத்துக்கொள்ளும். இறுகிய பூச்சை உப்புத்தாளால் தேய்த்த பின் துணியை விரித்து ரெசின் ஊற்றும்போது, வெள்ளைத் துணி நனைந்த இடமெல்லாம் கண்ணாடிபோல் தெளிந்து மரத்தின் ரேகையைக் காட்டும். வெண்மை மாறாத திட்டு எங்கேனும் தென்பட்டால் அங்கே ரெசின் இறங்கவில்லை என்று பொருள்.

பல பத்து மீட்டர் நீளமுள்ள இறக்கைக்குக் கைப்பூச்சு ஒத்துவராது. அச்சுக்குள் உலர்ந்த துணியையும் பால்சாத் துண்டுகளையும் அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாதபடி மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால், வெளியழுத்தமே ரெசினை மூலைமுடுக்கெல்லாம் தள்ளிவிடும். ரெசினுக்கு வழிவிடவும் அச்சின் வளைவுக்கு இணங்கவும் பால்சாவில் முன்கூட்டியே வெட்டுக்கோடுகள் கீறப்பட்டிருக்கும்.

மேல்தோலில் விரிசல் விழுந்து மழைநீர் புகுந்தால் மரம் உளுத்துவிடும். பால்சாவுக்குத் தட்டுப்பாடும் ஏற்பட்டதால், குடிநீர்ப் புட்டி செய்யப்படும் பெட் பிளாஸ்டிக்கின் நுரைப்பலகை அதன் இடத்தைப் பிடித்துவருகிறது. எனினும் அழுத்தம் மிகும் இறக்கையின் அடிப்பகுதியில் பால்சாவையே இன்றும் நாடுவோர் உண்டு.