ஊசி சிவப்பைத் தொட்டால் வண்டியை நிறுத்துங்கள்: டர்போ கார்களில் ஹெட் கேஸ்கட் மாற்றுவது எப்படி?

கொல்கத்தா: கொல்கத்தாவில் பார்க் ஸ்ட்ரீட்டும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் இடத்தை ஒட்டிய மல்லிக் பஜார், பழைய கார் உதிரிபாகங்களுக்குப் பெயர் பெற்ற சந்தை. அம்பாசிடர் கார்கள் நிறைந்திருந்த நகரத்தில் இப்போது டர்போ எஞ்சின் பொருத்திய கார்கள் பெருகியுள்ளன. இரண்டிலும் ஹெட் கேஸ்கட் உண்டு. ஆனால் அதை மாற்றும் வேலை ஒன்றல்ல.

ஹெட் கேஸ்கட் என்பது என்ன?

எஞ்சினின் அடிப்பகுதியான சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மேல் அமரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே வைக்கப்படும் மெல்லிய தகடே ஹெட் கேஸ்கட். எரியும் வாயு, எஞ்சின் ஆயில், குளிர்விக்கும் கூலன்ட் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் தடுப்பது இதன் பணி.

நகருக்கு வடக்கே, ஹூக்ளி மாவட்டம் உத்தர்பாராவில் உள்ள ஆலையில் 2014 மே மாதம் வரை அம்பாசிடர் தயாரிக்கப்பட்டது. அதில் பல ஆண்டுகள் பயன்பட்ட 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பால் ஆனவை. எனவே இரண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்கின.

மாருதி சுசுகி ஸ்விஃப்ட், டாடா இண்டிகா விஸ்டா உள்ளிட்ட கார்களில் இடம்பெற்ற 1,248 சி.சி. டர்போ டீசல் எஞ்சினில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே வெப்பத்தில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹெட் வளைந்து, கேஸ்கட் மீதான பிடி தளரும். டர்போ கூடுதல் காற்றை அழுத்தி அனுப்புவதால் சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் அதிகம். டர்போ டீசலில் எரிதலின்போது உண்டாகும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 100 மடங்கைத் தாண்டும்.

அறிகுறிகள்

வெப்பமானியின் ஊசி அடிக்கடி ஏறுவது, வெளியே கசிவு தெரியாமல் கூலன்ட் குறைவது, புகைக்குழாயில் இனிப்பு வாடையுடன் வெண்புகை தொடர்வது, ஆயில் பால் கலந்த தேநீர் போல் மாறுவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். இவற்றை மட்டும் கொண்டு எஞ்சினைப் பிரிக்கக் கூடாது. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், மின்விசிறி ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும். கூலன்ட் தொட்டியின் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறினால், எரிந்த வாயு கூலன்ட்டில் கலப்பது உறுதியாகும்.

கொல்கத்தாவில் கோடையின் புழுக்கமும் நெரிசலில் நகராத வாகனங்களும் எஞ்சினுக்குச் சுமை. மழைக்காலத்தில் தேங்கும் நீரில் ஓட்டும்போது ரேடியேட்டரின் இடுக்குகளில் அடையும் சேறும் எஞ்சின் சூடேறக் காரணமாகலாம். இதைச் சரிசெய்யாமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றினால் பழுது திரும்பவும் வரும்.

மாற்றும் முறை

எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகே வேலை தொடங்க வேண்டும். சூடான நிலையில் ஹெட் போல்ட்டுகளைத் தளர்த்தினால் ஹெட் வளையக்கூடும். டர்போவின் ஆயில் குழாய்களையும் கூலன்ட் குழாய்களையும் கழற்றியதும் அவற்றின் வாய்களை மூட வேண்டும். டர்போவின் சுழல்தண்டு நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்வது. உள்ளே விழும் சிறு துகளும் அதன் விசிறியைச் சிதைக்கும்.

கழற்றிய ஹெட்டின் சமதளத்தை நேர்கோலும் ஃபீலர் கேஜும் கொண்டு அளக்க வேண்டும். பல எஞ்சின்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மி.மீ. அளவே, அதாவது ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமன். அதற்கு மேல் இருந்தால் லேத் பட்டறையில் ஹெட்டைச் சமப்படுத்தி, விரிசல் சோதனையும் செய்ய வேண்டும். பழைய கேஸ்கட்டின் எச்சத்தை உப்புத்தாள் சக்கரத்தால் தேய்ப்பது தவறு. உதிரும் தூள் ஆயிலில் கலந்து பேரிங்குகளை அரிக்கும்.

டீசல் எஞ்சின்களில் ஒரே கேஸ்கட் பல தடிமன்களில் கிடைக்கும். பிஸ்டன் பிளாக்கின் மேல்மட்டத்தைத் தாண்டி எவ்வளவு உயர்கிறது என்பதை அளந்து, அதற்குரியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேஸ்கட்டின் ஓரத்தில் உள்ள வெட்டுக்குறிகளோ துளைகளோ தடிமனைக் காட்டும்.

பெரும்பாலான புதிய எஞ்சின்களின் ஹெட் போல்ட்டுகள் இறுக்கும்போது நீளும் வகையைச் சேர்ந்தவை. அவற்றை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. போல்ட் துளைகளில் ஆயிலோ நீரோ தேங்கியிருந்தால், இறுக்கும்போது பிளாக்கே வெடிக்கலாம். நடுவிலிருந்து வெளிநோக்கி, சேவைக் கையேடு கூறும் வரிசையில், முதலில் டார்க் ரெஞ்ச் கொண்டும் பின்னர் கோண அளவிலும் இறுக்க வேண்டும்.

கடைசிக் கட்டம்

கூலன்ட் கலந்த ஆயிலை முழுவதும் வடித்து, ஃபில்டரையும் மாற்ற வேண்டும். தரம் கெட்ட ஆயில் முதலில் சேதப்படுத்துவது டர்போவின் பேரிங்கைத்தான். எஞ்சினை இயக்கும் முன் எரிபொருள் செல்லாதபடி செய்து ஸ்டார்ட்டரால் சில விநாடிகள் சுழற்றினால் டர்போவுக்கு ஆயில் சென்று சேரும். பிறகு குளிர்விப்பு அமைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும்.

ஓட்டுநர் கவனத்துக்கு

ஊசி சிவப்புக் கோட்டை நெருங்கினால் அருகிலேயே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் உள்ள நீர் 100 டிகிரி செல்சியசைத் தாண்டியும் கொதிக்காமல் இருந்து, திறந்தவுடன் ஆவியாகப் பீறிடும். சூடான எஞ்சின் மீது தண்ணீர் ஊற்றினால் உலோகம் விரிசல் காணலாம். இன்னும் சில கிலோமீட்டர்தானே என்று ஓட்டிச் செல்வதே, கேஸ்கட்டோடு முடிந்திருக்கக் கூடிய செலவை ஹெட், டர்போ, சில வேளைகளில் எஞ்சின் முழுவதற்கும் நீட்டிவிடுகிறது.