வீட்டில் சுடுமண் நகைப் பட்டறை: கருவிகளுக்கு முன் இடம்

நீண்ட சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புவோருள் சிலர், பொழுதைப் பயனுறக் கழிக்கும் பொருட்டுச் சுடுமண் நகை செய்யத் தொடங்குகின்றனர். களிமண்ணைப் பிசைவதும் உருட்டுவதும் விரல்களுக்கு நல்ல பயிற்சி; செலவும் குறைவு. ஆயினும், ஆஸ்துமா அல்லது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உடையவர் வீட்டில் இருப்பின், எந்தக் கருவியை வாங்குவது என்பதற்கு முன்னர், எங்கே அமர்ந்து செய்வது என்பதை முடிவு செய்தல் வேண்டும்.

ஈரக் களிமண்ணால் மூச்சுக்குத் தீங்கில்லை. உலர்ந்த களிமண்ணே சிக்கலுக்குக் காரணம். அதன் தூசியில் படிகச் சிலிக்கா கலந்துள்ளது. கண்ணுக்குப் புலப்படாத அந்நுண்துகள்கள் மணிக்கணக்கில் காற்றில் மிதந்து, நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியவை. அத்தூசியிலேயே பல்லாண்டுகள் உழைக்கும் தொழிலாளர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோய் உண்டாகிறது. வாரத்தில் சில மணி நேரம் மணி உருட்டுவோர் அந்த அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே தளர்ந்த நுரையீரலில் இருமலையும் மூச்சிரைப்பையும் தூண்டச் சிறிதளவு தூசியே போதும்.

ஆகவே, படுக்கையறையும் சமையலறையும் இப்பணிக்கு ஏற்றவை அல்ல. காற்றோட்டமுள்ள தாழ்வாரம் அல்லது சன்னலோர மூலை நன்று. தரை, ஈரத்துணியால் துடைக்கத்தக்க வழவழப்புடன் இருக்கட்டும். பாயும் கம்பளமும் தூசியைப் பிடித்து வைத்து, மிதிக்கும்போதெல்லாம் எழுப்பும். மேசைமீது ரெக்சின் விரிப்புப் போடுங்கள். வேலை முடிந்ததும் துடைப்பத்தை எடுக்காதீர்கள்; மின்விசிறியையும் சுழலவிடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அதனை வாளியில் அலசுங்கள். மண் அடியில் தங்கியபின் தெளிந்த நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம். வடிகாலில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அது வேறு செலவு.

உலர்ந்த மணிகளை உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றும் பழக்கம் பலரிடம் உள்ளது. தூசி மிகுதியாக எழுவது அப்போதுதான். அரைகுறையாக உலர்ந்த நிலையிலேயே ஈரமான ஸ்பாஞ்சினால் வழித்துவிட்டால், உப்புத்தாளுக்கு வேலையே இராது. தேய்த்தே தீரவேண்டுமெனில், வெளியில் அமர்ந்து என்95 முகக்கவசம் அணிந்து செய்க. துணிக் கவசம் இந்நுண்துகள்களைத் தடுக்காது.

எல்லாவற்றினும் கவனம் வேண்டுவது சுடுதல். உமி, மரத்தூள், கரி ஆகியவற்றை மண்பானையில் மூட்டிச் சுடும்போது கார்பன் மோனாக்சைடு வெளிப்படும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. மூடிய இடத்தில் உயிரையே பறிக்கும். வீட்டுக்குள்ளோ, அடைக்கப்பட்ட பால்கனியிலோ ஒருபோதும் சுடாதீர்கள். புகைபோக்கி விசிறி இருக்கிறதே என்னும் துணிவும் வேண்டா. புகை சூழ்ந்த நிலையில் தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் உடனே திறந்தவெளிக்கு வந்து, தாமதியாமல் மருத்துவமனையை அடையுங்கள். ஆக்சிஜன் சிலிண்டரோ கருவியோ பயன்படுத்துபவர் நெருப்பின் அருகே செல்லவே கூடாது. நீரிழிவால் பாதங்களில் உணர்வு குன்றியவர்கள், கங்கு பட்டாலும் சூட்டை உணரமாட்டார்கள் என்பதையும் குடும்பத்தார் மறவாதிருக்க.

அருகில் மட்பாண்டச் சூளை இருப்பின், சுடும் பொறுப்பை அங்குள்ளவரிடம் ஒப்படைப்பதே எங்கள் பரிந்துரை. மணிகளைச் சில நாட்கள் நிழலில் முழுவதும் உலர்த்திக் கொடுங்கள். உள்ளே ஈரம் எஞ்சியிருந்தால், அது ஆவியாகி மணியை வெடிக்கச் செய்துவிடும்.