முதலில் ஒயில், பிறகுதான் நெருப்பு

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறக்க 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருடமும் புதுக் கார் கனவாகிப் போனவர்கள் கொட்டிலில் கிடந்த பழையதைத்தான் தட்டியெடுத்தார்கள். மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கதை. 1960, 70களில் இறக்குமதி இறுகியபோதே அந்தக் காரைப் பாகம் பாகமாகச் செய்து ஓட்டும் கைத்திறன் இங்கே வேரூன்றிவிட்டது. 1990களில் இலங்கையில் அடித்த மைனர் தகடுகள், அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே கப்பலேறின.

ஆனால் எஞ்சின் வேலை முடிந்த அன்றே கார் ஓடிவிடுவதில்லை. போர் அடித்து, பிஸ்டன் மாற்றி, கிராங்க் தேய்த்து முடிக்கும்போது கையில் காசு தீர்ந்துவிடும். 2022இல் பெற்றோலே தீர்ந்தது. எஞ்சின் சாக்குப் போர்த்தியபடி கராஜ் மூலையில் இரண்டு, மூன்று வருடம் கிடக்கும். ஒருநாள் காரில் ஏற்றுவார்கள். ஓடவே ஓடாத எஞ்சின், எல்லாம் புதுசு, சாவியைத் திருப்பினால் போதும் என்று உரிமையாளர் நினைப்பார். பெரும் செலவு செய்த எஞ்சின் கெடுவது பெரும்பாலும் அந்த நினைப்பில்தான்.

பொல்பிட்டிய போன்ற ஈரமான ஊரில் எஞ்சின் மூலையில் கிடப்பது என்றால் என்ன என்று பாருங்கள். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடும் பள்ளத்தாக்கு அது. மேலே கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரை எட்டும். இரவில் இரும்பு குளிர்கிறது. காலையில் வெதுவெதுப்பான ஈரக்காற்று வந்து அந்தக் குளிர்ந்த இரும்பில் பட்டதும் வியர்க்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினை எந்த நிலையில் நிறுத்தி வைத்தாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்துதான் இருக்கும். அந்த வழியாக ஈரம் சிலிண்டருக்குள் இறங்குகிறது. புதிதாகத் தேய்த்த போரில் பாதுகாப்புக்கு ஒரு கரிப் படலம்கூட இல்லை. ரிங் தொட்டு நிற்கும் இடத்தில் மெல்லிய செந்நிறக் கோடாகத் துரு பிடிக்கும். அந்தக் கோட்டின் மேல் ரிங்கை வேகமாக இழுத்தால் போர் கீறும், சிலவேளை ரிங்கே உடையும்.

அதனால் பற்றரியைத் தொட வேண்டாம். முதலில் நாலு ப்ளக்கையும் கழற்றி, சிறிய டோர்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு ஒரு இரவு விடலாம். மறுநாள் கையால் சுற்ற வேண்டும். மைனருக்கு முன்பக்கம் கைப்பிடி போட வழியிருப்பது எவ்வளவு நல்லது என்பது அப்போது தெரியும். எங்கே இறுக்கம், எங்கே உரசல் என்பதை செல்ஃப் மோட்டர் ஒருபோதும் சொல்லாது, உள்ளங்கை சொல்லும். இறுகினால் நிறுத்திவிட வேண்டும், உதைக்கக் கூடாது. ரொக்கர் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு சுற்றினால் எட்டு வால்வும் இறங்கி ஏறுகின்றனவா என்று பார்க்கலாம். கைட்டில் ஒட்டிக்கொண்ட வால்வு ஒன்று இருந்தால் புஷ்ரொட் வளைந்துவிடும்.

இனி ஒயில். கிராங்க் தண்டும் பெயாரிங்கும் ஓடும்போது ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் தலைமுடியைவிட மெல்லிய ஒயில் படலம் இருக்கிறது, தண்டு அதன் மேல் மிதக்கிறது. பொருத்தும்போது பூசிய பசை முதல் சில விநாடிகளைத் தாங்குவதற்காகத்தான். வருடக் கணக்கில் கிடந்தால் அது வழிந்துவிடும், அல்லது காய்ந்துவிடும். சம்பில் ஒயில் நிரப்பிவிட்டோமே என்பது பதிலாகாது. ஒயில் கீழே இருக்கிறது, பெயாரிங் மேலே இருக்கிறது.

சில எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளைக்குள் ஒரு கம்பியை விட்டு, கை ட்ரில்லால் ஒயில் பம்பை மட்டும் சுற்றலாம். அமெரிக்க வி-8 எஞ்சின் படங்களில் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் முயல்பவர்கள் உண்டு. மைனரின் ஏ-சீரிஸ் எஞ்சினில் அது நடக்காது. அதன் பம்ப், எஞ்சினின் பின்புறம், கேம் தண்டின் வாலில் இருக்கிறது. சம்பில் உள்ள ஒயில் மட்டத்துக்கு மேலே வேறு. காய்ந்த பம்பால் உறிஞ்சவும் முடியாது. ஆகவே ஃபில்டருக்குப் போகும் ஒயில் குழாயைக் கழற்றி, அந்த வழியாக ஒயிலை ஊற்றிப் பம்பை நனைக்க வேண்டும். ஃபில்டர் கிண்ணத்தையும் நிரப்பிப் பூட்ட வேண்டும். பிறகு ப்ளக் இல்லாமலே செல்ஃப் அடிக்கலாம். சிலிண்டரில் அழுத்தம் இல்லாததால் பெயாரிங்கில் சுமை குறைவு. பத்துப் பதினைந்து விநாடி அடித்து, மோட்டரை ஆற விட்டு, மறுபடி. ஒயில் விளக்கு அணைந்தால் நம்பிக்கை வரும். ஆனால் அது மிகக் குறைந்த அழுத்தத்திலேயே அணையும் விளக்கு. ஒரு மீற்றரை இரவல் வாங்கியாவது பூட்டிப் பார்ப்பது மேல். ரொக்கர் கைகளின் அடியில் ஒயில் கசிந்து பளபளப்பதைக் கண்ணால் கண்ட பிறகே ப்ளக்கைக் கையில் எடுக்க வேண்டும்.

இது பழைய காரின் சடங்கு என்று சிரிக்க வேண்டாம். 1969 முதல் இயங்கும் பொல்பிட்டிய மின்நிலையம் போன்றவற்றின் இயந்திரங்கள் பல தொன் எடையைப் பெயாரிங் மேல் சுமப்பவை. பெரிய நீர்மின் இயந்திரங்கள் பலவற்றில், தண்ணீரைத் திறக்கும் முன் உயர் அழுத்தத்தில் ஒயிலைச் செலுத்தி அந்தச் சுமையைச் சற்றே தூக்கிவிடுவார்கள்.

மின்சாரம், பெற்றோல் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய பெற்றோலைக் கொட்டிவிடுங்கள். சாவி போட்டதும் எஸ்.யூ. பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது. ப்ளக் வயர் 1-3-4-2 என்ற வரிசைப்படி இருக்கிறதா பாருங்கள். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று என்பதால், டிஸ்ட்ரிபியூட்டரை நேர் எதிராகப் பூட்டிவிடுவது சகஜம். இங்கே தண்ணீர் உறையப் போவதில்லை, ஆனாலும் துருவுக்காகக் கூலன்ட் ஊற்றத்தான் வேண்டும். இவ்வளவையும் முன்கூட்டியே சரிபார்ப்பதற்குக் காரணம், எஞ்சின் முதல் தடவையிலேயே பற்ற வேண்டும் என்பதுதான். பற்றாமல் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால் மிச்சமிருக்கும் பசையும் துடைபட்டுப் போகும். மலையகத்தில் எல்லோருக்கும் கைவந்த வித்தை, சரிவில் உருட்டி ஸ்டார்ட் பண்ணுவது. புது எஞ்சினில் அதை நான் ஒப்பவே மாட்டேன்.

பற்றிய பிறகு ஐடிலில் விட்டு ரசிப்பதும் தவறு. கேம் தண்டும் டெப்பட்டும் புதிதாக இருந்தால், அவை உரசும் முகங்களுக்கு ஒயில் பெரும்பாலும் கிராங்க் தெளிப்பதால்தான் போகிறது. மெதுவாகச் சுற்றினால் தெளிப்பு போதாது. அதனால் உடனே 2,000 சுற்றுக்குக் கொண்டுபோய், சற்று ஏற்றி இறக்கி, இருபது நிமிடம் ஓட விட வேண்டும். அந்த இருபது நிமிடமும் ஒருவர் ஒயில் மீற்றரையும் வெப்ப மீற்றரையும் விட்டுக் கண்ணெடுக்கக் கூடாது. அழுத்தம் விழுந்தால் காரணம் தேடாமல் முதலில் நிறுத்த வேண்டும். ஒயிலும் நாகச் சேர்மம் கூடிய பழைய வகை 20W-50 ஆக இருக்கட்டும். இன்றைய கார்களுக்கான பல ஒயில்களில் அது குறைவு.

ரிங் படிவதற்குச் சுமை வேண்டும். கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும் வீதி அதற்கு வாய்ப்பானது. நடுத்தர வேகத்தில் மூன்றாம் கியரில் ஏறுங்கள், திணற விடாதீர்கள், இறக்கத்தில் காலை எடுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை 40 அடி-இறாத்தல் விசைக்கு மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியைச் சரிபாருங்கள். 500 கிலோமீற்றரில் முதல் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்த எஞ்சினை இன்னும் வைத்திருக்கப் போகிறவர்கள் ப்ளக் துளை, கார்புரேட்டர் வாய், எக்சோஸ் துவாரம் எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். கூடவே ஒரு அட்டையைக் கம்பியால் கட்டித் தொங்க விடுங்கள். பொருத்திய திகதி, பூசிய பசை, ஹெட் இறுக்கியாயிற்றா, சம்பில் ஒயில் இருக்கிறதா இல்லையா என்று எஞ்சினைச் செய்த மெக்கானிக்கிடம் கேட்டு அதில் எழுதி வையுங்கள்.