தகரக் கொட்டகைக்கு ஓர் எல்லை

நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக்குக்குக் கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டரில் இருக்கிறது கோபாபிஸ். மாட்டுப் பண்ணைகளுக்குப் பேர்போன சிறு நகரம். அதன் ஃப்ரீடம் ஸ்கொயர் குடியிருப்பில் தகரக் கொட்டகைகளில் சுமார் ஆயிரம் குடும்பங்கள். ஆண்டுக்கணக்கில் குடியிருந்தும், நெடுங்காலம் கையில் பட்டா போல ஒரு தாள் இருக்கவில்லை. அந்தத் தாளுக்கு முதலில் வேண்டியது வரைபடம்.

அதுவும் எந்த வரைபடம்? 1:50,000 அளவு வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். பதினைந்துக்கு இருபது மீட்டர் மனை அதில் அரை மில்லிமீட்டர்கூட வராது. பென்சில் முனை பட்டாலே மறைந்துவிடும். 1:1,000 அளவில் வரைந்தால் அதே மனை ஒன்றரைக்கு இரண்டு சென்டிமீட்டர். வேலியும் நடைபாதையும் தெரியத் தொடங்கும்.

இத்தகைய வரைபடத்துக்கு இன்று பெரும்பாலும் ட்ரோன் பறக்கிறது. அதற்குமுன் தரையில் ஆங்காங்கே வெள்ளைக் குறிகள் இட்டு, அவை இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் கருவியால் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அளப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கப்படும். ஒரே பொருளை இரு கண்கள் இரு கோணத்தில் பார்ப்பதால் நமக்கு ஆழம் தெரிகிறதல்லவா? அதே கணக்கில் கணினி தரையின் மேடு பள்ளத்தைக் கண்டுபிடிக்கிறது. அதிலிருந்து வரையும் சமஉயரக் கோடுகள் மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், எந்த வீட்டு வாசலில் தேங்கும் என்று காட்டும். வாய்க்காலும் தெருவும் அதைப் பார்த்தே திட்டமிடப்படும்.

ஆனால் கேமராவுக்கு வேலி தெரியும். அது யாருடைய வேலி என்று தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் அங்கே வாழ்பவர்கள்தான். ஃப்ரீடம் ஸ்கொயரில் குடியிருப்பவர்களே வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். மனைகளும் தெருக்களும் எப்படி அமையவேண்டும் என்று கூடிப் பேசினார்கள். தெருவுக்கு இடம்விடத் தங்கள் கொட்டகைகளைப் பிரித்து நகர்த்திக் கட்டியவர்களும் உண்டு.

நமீபியா 2012இல் இயற்றிய நெகிழ்வு நிலவுரிமைச் சட்டம் இவர்கள் அந்தத் தாளைப் பெற வழிவிட்டது. ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியே முழுமையான சர்வே செய்தால் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் குடியிருப்பின் வெளி எல்லையை உரிமம் பெற்ற நில அளவையர் துல்லியமாக அளந்து ஒரே நிலமாகப் பதிவுசெய்வார். உள்ளே இருக்கும் மனைகளை எளிய முறையில் அளந்து, உள்ளூர் நில உரிமை அலுவலகத்தில் குறித்துக்கொள்வார்கள்.

2021இல் இச்சட்டத்தின் கீழ் நாட்டின் முதல் நிலவுரிமைப் பத்திரங்கள் ஃப்ரீடம் ஸ்கொயர் மக்களின் கைக்கு வந்தன. வரைபடத்தில் இரண்டு சென்டிமீட்டர் கோடுதான். அதற்குள் இருப்பவரை இனி யாரும் நினைத்த நேரத்தில் எழுப்பி அனுப்ப முடியாது.