நீரின் கனத்தை அறியும் கருவி

தண்ணீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடிய பொருள் என்பதைச் சிறுவரும் அறிவர். ஆனால் ஆக்ஸிஜன் அணுக்கள் யாவும் ஒரே கனமுடையவை அல்ல. பெரும்பாலானவற்றின் நிறை எண் 16. ஏறத்தாழ 500-க்கு ஓர் அணு 18. இவ்விரண்டும் கதிர்வீசிச் சிதையாமல் நிலைத்திருப்பதால் நிலையான ஐசோடோப்புகள் எனப்படுகின்றன. இவற்றின் விகிதம் நீருக்கு நீர் சிறிது மாறும். அம்மாற்றத்தை அளப்பது எவ்வாறு என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

1952 ஜூன் மாதத்தில் டென்மார்க்குத் தலைநகர் கோபன்ஹேகனில் வில்லி டான்ஸ்கார்ட் என்னும் விஞ்ஞானி, காலியான பீர்ப் புட்டி ஒன்றைப் புல்தரையில் நிறுத்தி, அதன் வாயில் புனலைச் செருகி மழைநீரைப் பிடித்தார். மழை நீடிக்கவே, பாத்திரங்களை மாற்றி மாற்றி வைத்தார். ஒரே மழையாயினும், வேளைக்கு வேளை விழுந்த நீரில் விகிதம் வேறுபட்டது! குளிர்ச்சி மிக்க மேகம் பொழிந்த நீரில் கனத்த ஆக்ஸிஜன் குறைவு. காரணம் எளிதே. மேகம் குளிரக் குளிரக் கனத்த மூலக்கூறுகள் முந்திக்கொண்டு மழையாகி விடுகின்றன. பின்னர் எஞ்சுவது இலேசான நீராவி.

இம்மாற்றம் எத்துணைச் சிறிது தெரியுமா? கடல்நீரில் 10,000 ஆக்ஸிஜன் அணுக்களுக்குச் சுமார் 20 கனத்தவை என்றால், கிரீன்லாந்தின் உட்பகுதிப் பனியில் அவை 19-க்குச் சற்று மேல். நல்ல கருவி இதனினும் நுண்ணிய வேறுபாட்டை, அதாவது 50 லட்சம் அணுக்களுக்கு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கண்டறிய வேண்டும்.

அக்கருவியின் பெயர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஆல்ஃபிரட் நியர் 1940-களில் அதைச் செப்பம் செய்தார். வழக்கமான முறையில் நீரை அப்படியே உள்ளே விடுவதில்லை. ஒரு குடுவையில் நீரோடு கரியமில வாயுவைச் சேர்த்து, வெப்பநிலை மாறாமல் வைத்தால், இரண்டும் தம்முள் ஆக்ஸிஜனைப் பரிமாறிக்கொள்ளும். நீரின் விகிதத்தை அறிவிக்கும் அந்த வாயுவே கருவிக்குள் செல்கிறது. அங்கே எலெக்ட்ரான்கள் மோதுவதால் மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்று, காந்தத்தின் இடையே வளைந்து ஓடுகின்றன. இலேசானவை அதிகம் வளையும். கனத்தவை குறைவாக வளையும். நிறை 44 ஒரு கிண்ணத்திலும் நிறை 46 வேறொரு கிண்ணத்திலும் விழ, இரண்டிலும் எழும் மின்னோட்டங்களை ஒப்பிடுவர்.

ஆனால் மின்னழுத்தமும் காந்தமும் நொடிக்கு நொடி சிறிதேனும் அசையுமே! இங்குதான் இக்கருவியின் உயிர்நிலை இருக்கிறது. மாணவர்க்குத் தராசைக் கையாளக் கற்பித்த நாட்களில் நான் வற்புறுத்திய முறை ஒன்றுண்டு. பொருளை ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் மணலிட்டுச் சமன் செய். பிறகு பொருளை எடுத்துவிட்டு, அதே தட்டில் படிக்கற்களை இட்டு நிறு. தராசின் கைகள் சமமாக இல்லாவிடினும் எடை தவறாது. சிகாகோவில் ஹாரல்டு யூரியின் குழுவினர் 1950-இல் வெளியிட்ட ஏற்பாடும் இதே போன்றதே. ஒரு வால்வின் உதவியால் சோதிக்கும் வாயுவையும் தெரிந்த வாயுவையும் மாறி மாறி உட்செலுத்தினர். இரண்டையும் கருவியின் கோளாறு ஒருபோல் தாக்குவதால், வித்தியாசம் மட்டும் நிற்கும். தனித்த அளவைவிட ஒப்பீடு நம்பத்தக்கது என்பது என் துணிபு. உலகெங்கும் இவ்வளவீடுகள் ஒரு பொது நீரோடு ஒப்பிட்டே கூறப்படுகின்றன. அதனை வைத்துக் காப்பது வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமை.

1966-இல் கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரியில் பனிப்பாளத்தின் அடிவரை, சுமார் 1,390 மீட்டர் துளையிட்டு எடுத்த பனித்தண்டை டான்ஸ்கார்டின் குழு இவ்வாறு ஆராய்ந்தது. ஏறத்தாழ 1 லட்சம் ஆண்டுகளின் வெப்பமும் குளிரும் அதில் அடுக்கடுக்காகப் பதிந்திருந்தன.

இப்போது லேசர் ஒளியைக் கொண்டு நீராவியையே நேராகச் சோதிக்கும் சிறு கருவிகளும் வந்துள்ளன. அவற்றிலும் தெரிந்த நீரை இடையிடையே இட்டுச் சரிபார்த்தே தீரவேண்டும். எக்கருவியாயினும், நீரைச் சேகரிப்பவர் புட்டியைக் கழுத்துவரை நிரப்பி, ஆவி வெளியேறாதபடி இறுக மூடுதல் வேண்டும். மூடி தளர்ந்திருப்பின் இலேசான நீர் முதலில் ஆவியாகிப் போகும். பின்பு கருவி அளப்பது பெய்த மழையை அன்று, புட்டியில் எஞ்சிய நீரை.